கரடிக்கு முன்னால் கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது?

ஜூலை மாதம் அலாஸ்காவின் கீனாய் ஆற்றங்கரையில், இடுப்பளவு நீரில் நின்று சால்மனுக்குத் தூண்டில் வீசுகிறவர்களில் பலருடைய மார்பில் குறுக்காக ஒரு வார் ஓடுவதைப் பார்க்கலாம். வாரின் நடுவே, நெஞ்சுக்கு நேராக, உறையில் ஒரு கைத்துப்பாக்கி. மனிதர்களுக்குப் பயந்து மாட்டியதல்ல அது. சால்மன் ஆற்றில் ஏறும் பருவத்தில் அதே மீனைத் தேடிப் பழுப்புக் கரடியும் அதே கரைக்கு இறங்கி வருகிறது. அந்த மாநிலத்தில் சுமார் 30,000 பழுப்புக் கரடிகளும் ஒரு லட்சம் கருங்கரடிகளும் இருப்பதாக அங்குள்ள வனவிலங்குத் துறை மதிப்பிடுகிறது. கடலோரத்தை விட்டு உள்ளே மலைகளில் வாழும் பழுப்புக் கரடியைக் கிரிஸ்லி என்பார்கள்; அதில் ஆண் 200, 250 கிலோ வரும். மீன் தின்று கொழுத்த கோடியாக் தீவுக் கரடி 600 கிலோவையும் தாண்டும்.

அங்கே குடியேறுகிறவர்களும் மலையேறப் போகிறவர்களும் முதலில் கேட்பது, "எந்தக் காலிபர் வாங்கலாம்?" என்றுதான். காலிபர் என்பது குண்டின் விட்டம்; .44 போன்ற எண்கள் அங்குலக் கணக்கு. துப்பாக்கிக் கடைகளில் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை சண்டை போடலாம், போடுகிறார்கள். ஆனால் காலிபருக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்களுக்குக் கிடைக்கப்போகும் நேரம். இன்னொன்று, கரடியைக் கொல்வதற்கும் அதை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு. இவை புரிந்துவிட்டால் காலிபர் சண்டையில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

முதலில் நேரம். கரடியின் கனத்த உடலைப் பார்த்து அது மெதுவாகத்தான் ஓடும் என்று நினைத்துவிட வேண்டாம். பழுப்புக் கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது, அதாவது நொடிக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல். முப்பது மீட்டர் தொலைவிலிருந்து பாய்ந்தால் உங்களிடம் இருப்பது இரண்டே நொடி. அலாஸ்காவின் ஆற்றோரங்களில் ஆல்டர் புதர்கள் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடப்பதால், முப்பது மீட்டர் வெட்டவெளி கிடைப்பதே அரிது. அது கரடி என்று கண்டுகொள்வது, பாய்கிறது என்று உணர்வது, உறையிலிருந்து உருவுவது, குறி வைப்பது எல்லாம் அந்த நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். ஒரு முறை சுடலாம், கை பழகியவர் என்றால் இரண்டு, மூன்று முறை.

அடுத்தது நிறுத்துவது. மான் வேட்டைக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. நெஞ்சில் குண்டு வாங்கிய மான் நூறு மீட்டர் ஓடி விழுந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை, தடம் பார்த்துப் போய் எடுத்துக்கொள்வார். கரடி ஓடப்போகும் நூறு மீட்டரோ உங்களை நோக்கியது. இதயம் கிழிந்த பிறகும் மூளையில் மிஞ்சியிருக்கும் பிராணவாயுவை வைத்துக்கொண்டு பெரிய விலங்கால் பத்து நொடிக்கு மேல் இயங்க முடியும். அந்தப் பத்து நொடியில் அது என்ன செய்யும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. கரடியை அந்த இடத்திலேயே விழவைப்பது மூளையிலோ தண்டுவடத்திலோ படும் குண்டு மட்டும்தான். தோள் எலும்பை உடைத்தால் வேகம் குறையும், சில சமயம் சாய்ந்துவிடும். மற்ற எந்த அடியும் கரடி மனம் மாறித் திரும்பிப் போகும் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படுவதுதான்.

பாய்ந்து வரும் கரடியின் தலை தாழ்ந்திருக்கும், ஓட்டத்தோடு மேலும் கீழும் ஆடும். தலையின் அளவோடு ஒப்பிட்டால் மூளை சிறியது, கண்களுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடப்பது. சற்று உயரமாகச் சுட்டுவிட்டால் தோளின் திமிலில் உள்ள தசைக்குள்ளேதான் குண்டு போகும். கொழுப்பு, தசை, எலும்பு என்று இத்தனையையும் கடந்து உள்ளே போக வேண்டியிருப்பதால், கரடிக்கான குண்டுக்கு ஆழமாகத் துளைக்கும் திறன்தான் முதல் தகுதி.

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டுப் பாதுகாப்புக்கு அமெரிக்கக் கடைகளில் விற்கும் தோட்டாக்களின் குண்டு, முனையில் குழி உள்ளதாக இருக்கும். உடலில் பட்டதும் அது காளான் போல விரிந்து, அகலமான காயத்தை உண்டாக்கி, சீக்கிரமே நின்றுவிடும். மனிதனைத் துளைத்து மறுபக்கம் போய் இன்னொருவர் மேல் படக்கூடாது என்பதற்காகவும் அப்படிச் செய்கிறார்கள். கரடிக்கு அது நேர்மாறான குணம். அகலமாக விரியும் குண்டு தோளின் கொழுப்பிலேயே தன் வேலையை முடித்துக்கொள்ளும். கரடிக்காட்டில் நடமாடுகிறவர்கள் தேடி வாங்குவது கெட்டிப்படுத்திய ஈயக் கலவையில் வார்த்த, விரியாத, தட்டையான முனை கொண்ட குண்டு. முனை தட்டையாக இருந்தால் எலும்பில் பட்டு விலகிச் செல்லாமல் நேராகப் போகும். ஒரே துப்பாக்கி, ஒரே காலிபர், குண்டு மட்டும் வேறு. துளைக்கும் ஆழமோ வெகுவாக மாறிவிடுகிறது. துப்பாக்கிக்கு ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டுத் தோட்டா வாங்கும்போது எது மலிவு என்று பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இப்போது எண்களுக்கு வருவோம். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் ஆற்றல் சுமார் 480 ஜூல். .357 மேக்னம் 700க்கு மேல். 10 மில்லிமீட்டரின் வலுவான தோட்டாக்கள் 800, 900 ஜூலைத் தொடும். .44 மேக்னம் 1,000 முதல் 1,400 வரை. இவற்றோடு, மலைநாட்டு வேட்டைக்காரர்களின் சாதாரண .30-06 ரைஃபிளைப் பாருங்கள், 3,800 ஜூலுக்குக் குறையாது. 12 கேஜ் ஷாட்கன்னில் போடும் ஒற்றைக் குண்டு 3,000ஐத் தாண்டும். அப்படியென்றால் ரைஃபிளையே கொண்டுபோகலாமே என்று கேட்பது நியாயம்தான். கொண்டுபோக முடிந்தால் அதுவே மேல். ஆனால் மீன் பிடிக்கிறவரும் கூடாரம் அடிக்கிறவரும் பாறையைக் கையால் பற்றி ஏறுகிறவரும் ரைஃபிளை எங்காவது சாத்தி வைத்துவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். கரடி வரும்போது ரைஃபிள் இருபது அடி தள்ளி மரத்தில் சாய்ந்திருக்கும். கைத்துப்பாக்கியின் ஒரே மேன்மை, அது எப்போதும் உடம்போடு இருக்கிறது என்பது. அந்த ஒன்றுக்காகத்தான் அதன் மற்ற எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொள்கிறோம்.

இனி வகைகள். நெடுங்காலமாகக் கரடிநாட்டின் அடையாளம் .44 மேக்னம் ரிவால்வர், அதாவது சுழலும் உருளையில் தோட்டாக்களை வைக்கும் கைத்துப்பாக்கி. இந்தத் தோட்டா 1955இல் வெளிவந்தது. ரிவால்வரில் பொதுவாக ஆறு தோட்டா. பிசகுவதற்கான உறுப்புகள் குறைவு. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், அடுத்தது வந்து நிற்கும். இன்னொரு நன்மையை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. கரடி மேலே விழுந்துவிட்ட நிலையில், குழலின் வாயை அதன் உடம்பில் அழுத்திச் சுட வேண்டி வரலாம். மேகசின் என்னும் தோட்டாப் பெட்டியிலிருந்து தானாகவே தோட்டா ஏறும் பிஸ்டலை அப்படி அழுத்தினால் அதன் மேற்பகுதி சற்றே பின்னுக்குத் தள்ளப்பட்டு, சுடாமலே போய்விடக்கூடும். ரிவால்வருக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

அதன் குறை எடையிலும் உதைப்பிலும் இருக்கிறது. நான்கு அங்குலக் குழல் உள்ள எஃகு ரிவால்வர் ஒன்றேகால் கிலோ வரும். நாள் முழுக்கச் சுமப்பது கடினம் என்று ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ஸ்காண்டியம் கலந்த உலோகத்தில் 329பிடி என்றொரு ரிவால்வரைச் செய்தது, வெறும் 700 கிராம். கையில் எடுத்தால் வாங்கிவிடத் தோன்றும். முழு வலுவுள்ள .44 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் உள்ளங்கை எரியும். ஆறாவதைச் சுட மனமே வராது. உதைப்பு கைக்கு மட்டும் கேடல்ல. அத்தனை லேசான துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, சுழலும் உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் உலோக உறைகளும் துப்பாக்கியோடு சேர்ந்து பின்னால் இழுக்கப்படுகின்றன. கனமான குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். சரியாக இறுக்காத தோட்டாவாக இருந்தால் இரண்டு மூன்று வெடிக்குள் குண்டின் முனை உருளைக்கு வெளியே துருத்திக்கொண்டு வந்து துப்பாக்கியின் உடற்சட்டத்தில் இடிக்கும், உருளை சுழலாது. பிசகாது என்று பெயர் வாங்கிய ரிவால்வர் வெறும் இரும்புத் துண்டாகிவிடும். லேசான ரிவால்வர் வாங்குகிறவர், தான் எடுத்துப்போகப் போகும் அதே தோட்டாவை வைத்து, ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து அதன் நீளம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுட வேண்டிய பழைய பாணி ரிவால்வர்களும் உண்டு. விலை குறைவு, உறுதி அதிகம், பார்க்கவும் அழகு. வாழ்நாளெல்லாம் அதில் பழகியவர்களுக்கு அது சரி. புதியவருக்கு வேண்டாம்.

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கரடிநாட்டில் .44இன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவது 10 மில்லிமீட்டர் பிஸ்டல். 1983இல் அறிமுகமாகி, சில காலம் அமெரிக்கக் காவல்துறைகளின் கையில் இருந்துவிட்டு மறக்கப்பட்ட தோட்டா இது. கரடிதான் அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. கிளாக் 20இன் மேகசினில் பதினைந்து தோட்டா, தோட்டாவோடு சேர்த்தே எடை ஒரு கிலோவைச் சற்றுத்தான் தாண்டும். உதைப்பு .44ஐ விட வெகுவாகக் குறைவு என்பதால் முதல் குறி தப்பினாலும் இரண்டாவதைச் சீக்கிரம் வைக்க முடியும். கிரீன்லாந்தின் வடகிழக்கில் நாய்ச்சறுக்கு வண்டிகளில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிக்காகத் துணை ஆயுதமாக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். முதன்மை ஆயுதம் அவர்களுக்கும் ரைஃபிள்தான்.

.454 கேசல், 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற ராட்சதத் தோட்டாக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆற்றலில் ரைஃபிளை நெருங்குகின்றன. வாரம் தவறாமல் அவற்றைச் சுட்டுப் பழகுகிறவர் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் முதல் வெடிக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறார்கள்.

9 மில்லிமீட்டர் போதாதா? 2016இல் அலாஸ்காவில் அனுபவமுள்ள ஒரு வழிகாட்டி, விருந்தினர்களோடு மீன் பிடிக்கப் போன இடத்தில் பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை 9 மில்லிமீட்டர் பிஸ்டலால் சுட்டு வீழ்த்தினார். இதைக் காட்டி "எதுவும் போதும்" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர் பிஸ்டலில் போட்டிருந்தது கெட்டி ஈயக் குண்டு, சுட்டது மிக அருகிலிருந்து, கையோ பல்லாண்டு கரடிகளோடு பழகிய கை. அந்தக் கையையும் குண்டையும் விட்டுவிட்டு பிஸ்டலை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

ஆகவே தேர்வு எப்படி? என் கருத்து இது: வாங்குவதற்கு முன் துப்பாக்கியை வாடகைக்குத் தரும் சுடுதளத்துக்குப் போங்கள். ஏழு மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு காகிதத்தை ஒட்டுங்கள். உறையிலிருந்து உருவி, இரண்டரை நொடிக்குள் அதில் இரண்டு குண்டு போட முடிகிற துப்பாக்கிகளில் எது வலுவானதோ அதுதான் உங்களுடையது. ஒருவருக்கு அது .44 ஆக இருக்கும். மணிக்கட்டு மெல்லியவருக்கு .357 ஆக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே முடியாது, பழக வேண்டும். குளிர்நாடு என்பதால் கையுறையோடும் பழக வேண்டும்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. இடுப்பில் மாட்டினால் முதுகுப்பையின் இடுப்பு வார் அதை மூடிவிடும், மீன் பிடிக்கும்போது தண்ணீரில் நனையும். பைக்குள் வைத்த துப்பாக்கி வீட்டில் வைத்த துப்பாக்கிக்குச் சமம். அதனால்தான் அலாஸ்காக்காரர்கள் மார்பு உறைக்கு மாறினார்கள். படுத்திருந்தாலும், கீழே விழுந்துவிட்டாலும், இரண்டு கைகளில் எதுவும் அதை எட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு கரடியை விரட்டும் ஸ்பிரேயைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது மோசடி. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகிய கரடி ஆய்வாளர்கள் தம் குழுவினரோடு 2008இல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் கரடி ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளைப் பார்த்தார்கள். பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடு பலித்திருந்தது. அதே ஆய்வாளர்கள் 2012இல் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகள் 76 விழுக்காடும் பலித்ததாகக் கண்டார்கள். இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஸ்பிரே நிகழ்வுகளில் கூடாரத்தை மோப்பம் பிடிக்க வந்த கரடிகளும் அடக்கம். ஆனால் இரண்டாவது ஆய்வின் இன்னொரு முடிவை யாரும் உதறிவிட முடியாது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயமடைந்த விகிதத்தில் வேறுபாடு இல்லை. எடுக்க நேரமில்லை, தோட்டா போடவில்லை, சிக்கிக்கொண்டது என்பவைதான் தோல்விக்குக் காரணங்கள்.

ஸ்பிரேயில் இருப்பது நம் மிளகாயின் காரச்சத்துதான், ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடு வரை. ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகமாகப் பரவுவதால் குறி துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. காற்று எதிரே வீசினால் பாதி உங்கள் கண்ணுக்கு வரும், அது உண்மை. கொசு மருந்து போலக் கூடாரத்தில் அடித்துவைக்கக் கூடாது. காய்ந்த ஸ்பிரேயின் வாசம் கரடியை அழைத்து வந்துவிடும். புதியவர் ஒருவர் என்னிடம் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ஸ்பிரேயை வாங்கச் சொல்வேன். உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் அடைத்து வைப்பதும், புதர்ப்பாதையில் பேசிக்கொண்டே நடப்பதும் இரண்டுக்கும் முந்தியவை. பாய்ந்து வரும் கரடிகளில் பல பாதியில் நின்று திரும்பிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழுப்புக் கரடி மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டு செத்தது போல் கிடக்க வேண்டும், கருங்கரடி தாக்கினால் திருப்பி அடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் அறிவுரை. மூஸ் என்னும் பெரிய மான் வேறு கதை. கரடியைவிட அலாஸ்காவில் அதிகம் பேரைக் காயப்படுத்துவது அதுதான். அதைச் சுட நினைக்காமல் ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நில்லுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறெங்கும் எளிதில் சொல்லப்படுவதில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் கையில் வாங்கினாலும் இதே சட்டம்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி எடுத்துப்போகலாம். சுடுவது வேறு விஷயம். இந்தியக் காடுகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு வனவிலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம்.

அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைச் சுட்டுக் கொன்றுவிட்டால் வேலை அதோடு முடியாது. நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்து, பதினைந்து நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். தோலும் மண்டையும் அரசுக்கு, உங்களுக்கல்ல. குப்பையையோ உணவையோ திறந்து போட்டுக் கரடியை வரவழைத்தது நீங்கள்தான் என்றால் தற்காப்பு என்ற வாதமே எடுபடாது.

விமானத்தில் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தோட்டா நீக்கிய கைத்துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லிவிட்டுச் சரக்கில் அனுப்பலாம். கரடி ஸ்பிரேயை எந்தப் பையிலும் அனுப்ப முடியாது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கியபின் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து காட்டுக்குப் போகும் சிறு விமானத்தில் ஏறும்போது, ஸ்பிரே கையில் இருப்பதை விமானியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிதவை விமானமாக இருந்தால் அதை மிதவைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்; அறைக்குள் அது வெடித்தால் விமானத்தை ஓட்ட ஆளிருக்காது.